பத்து யூரியா மூட்டைகளும் ஒரு தையல் டேப்பும்: உயரம் குறைத்த பிக்கப்பின் கமானை வீட்டில் மாற்றிய அனுபவம்

பாலக்கோட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். மூன்று ஏக்கரில் தக்காளியும் அவரையும், வேலியோரமாக 18 மாமரங்களும் இருக்கின்றன. பறித்த தக்காளி யாருக்காகவும் காத்திருக்காது. வாடகை வண்டி வரத் தாமதமான நாட்களில் ராயக்கோட்டைச் சந்தையின் காலை விலையைத் தவறவிட்டு, வெயில் ஏறிய பிறகு கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். சொந்த வண்டி வேண்டும் என்று என் மனைவிதான் முதலில் சொன்னார். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் ஓசூர்ப் பக்கத்திலிருந்து பழைய பிக்கப் ஒன்றை வாங்கினோம்.

எஞ்சின் சத்தம் கேட்டேன், டயர் பார்த்தேன், ஆர்.சி. புத்தகத்தையும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றின் தேதியையும் சரிபார்த்தேன். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. வழக்கமான பிக்கப்பைவிடத் தாழ்வாக நின்றது. முந்தைய உரிமையாளர் ஓர் இளைஞர். பார்வைக்காக உயரத்தைக் குறைத்ததாக மறைக்காமல் சொன்னார். தாழ்வாக இருந்தால் பெட்டி ஏற்ற எளிது என்றுகூட நான் நினைத்தேன்.

முதல் சுமை 40 பெட்டி தக்காளி. பெட்டிக்கு 25 கிலோ. ஊர் எல்லையில் உள்ள முதல் வேகத்தடையிலேயே அடியிலிருந்து இரும்பு இரும்பில் மோதும் சத்தம் வந்தது. ராயக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் அதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இறக்கியபோது பின் ஆக்சிலுக்கு, அதாவது பின் சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு, நேர் மேலே அடுக்கியிருந்த பெட்டிகளில் அடிவரிசைப் பழங்கள் நீர் விட்டிருந்தன. வியாபாரி ஒன்றும் சொல்லவில்லை; ஆறு பெட்டியைத் தனியே ஒதுக்கி வைத்தார். முன்பக்கம் அடுக்கிய பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்துதான் கோளாறு சாலையில் இல்லை, வண்டியின் பின்பாதியில் இருக்கிறது என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாயைப் போட்டு அடியில் படுத்தேன். கமான் என்பது எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில். பின்பக்கக் கமானில் ஐந்து பட்டைகளும், அவற்றுக்குக் கீழே சுமை கூடும்போது மட்டும் வேலைக்கு வரும் கனமான உதவிப் பட்டை ஒன்றும் இருக்க வேண்டும். நான் கண்டது நான்கே பட்டைகள். ஒரு பட்டையையும் உதவிப் பட்டையையும் கழற்றி, மீதியை அடித்து நிமிர்த்தியிருந்தார்கள். ஆக்சில் மேலே வந்து மோதும்போது தாங்குவதற்குச் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரு ரப்பர் கட்டை உண்டு. அது இடிக்கிறது என்பதற்காக அதையே பாதியாக அறுத்திருந்தார்கள். முன்பக்கத்தில் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பியின் போல்ட்டைத் தளர்த்தி இறக்கியிருந்தார்கள். ஷாக் அப்ஸார்பர் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது. அதனால் அதன் தண்டு எப்போதும் முக்கால்வாசி உள்ளே போயே கிடந்தது. அறுத்த ரப்பர் கட்டை முழுதாக அமுங்கித் தாங்கும் முன்பே ஷாக் தன் அடிமட்டத்தை இடித்து இடித்து எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது.

உயரத்தைக் குறைப்பவர் எல்லாரும் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்றே நீளம் குறைந்த ஷாக், அளவான ரப்பர், ஆக்சில் எழும்ப இடம் எல்லாம் சேர்த்து முறையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். என் வண்டியில் உயரம் மட்டும் குறைந்தது. அந்த உயரத்தை நம்பியிருந்த மற்றவை அப்படியே விடப்பட்டன. சுமை ஏற்றாத வண்டியில் இது தெரியாமலே போயிருக்கும்.

என் தாத்தாவிடம் வில்வண்டி ஒன்று இருந்தது. கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் என்ன வேறுபாடு என்று சிறுவயதில் கேட்டபோது, அடியில் வளைந்திருந்த பட்டைகளைக் காட்டினார். கமான் என்ற சொல்லும் பாரசீகத்தில் வில்லையே குறிக்கிறது. லாரிப் பட்டறைகளில் இன்றும் புழங்கும் இந்தப் பெயரிலேயே அதன் வேலை முழுவதும் இருக்கிறது. சக்கரம் கல்லில் ஏறும்போது வில் வளைந்து அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. வளைவதற்கு இடம் இல்லையென்றால் அடி அப்படியே சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து பழத்துக்கும் போகிறது.

இருந்தும் நான் உடனே எதையும் மாற்றவில்லை. பறிப்பு நடந்துகொண்டிருந்தது. சுமையைக் குறைத்து, மெதுவாக ஓட்டிச் சமாளித்தேன். என்னை உட்கார வைத்தது தொப்பூர்.

சொட்டுநீர்க் குழாய் வாங்குவதற்காக வெறும் வண்டியோடு சேலம் புறப்பட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் முழுவதும் இறக்கம். மூன்றாம் கியரில் மெதுவாகத்தான் இறங்கினேன். முன்னால் போன லாரி வேகத்தைக் குறைக்க, நானும் பிரேக்கை மிதித்தேன். அழுத்தி மிதிக்கவில்லை, வழக்கம்போலத்தான். பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பாகம் இடப்பக்கமாக ஒதுங்கியது. பிரேக்கை விட்டதும் நேரானது. அடுத்த தடத்தில் வண்டி எதுவும் வராததால் நான் இன்று இதை எழுதுகிறேன். கீழே ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது கை நடுக்கம் அடங்கவே நேரம் பிடித்தது.

தருமபுரியில் பிரேக் வேலை பார்ப்பவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் பிரேக்கைத் தொடாமல் நேராகப் பின் ஆக்சிலுக்கு மேலே இருந்த ஒரு சிறு கம்பியைக் காட்டினார். பல பிக்கப்புகளில் சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு, பட்டறையில் எல்.எஸ்.பி.வி. என்பார்கள். அதற்குக் கண் கிடையாது. சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரத்தை அந்தக் கம்பி வழியாக உணர்ந்துதான் வண்டியில் சுமை இருக்கிறதா என்று அது முடிவு செய்கிறது. என் வண்டி வெறுமையாக நின்றாலும் பின்பக்கம் எப்போதும் அமிழ்ந்தே இருந்தது. வால்வு அதை முழுச் சுமை என்று எடுத்துக்கொண்டு பின் சக்கரங்களுக்கு முழு அழுத்தத்தை அனுப்பியது. சுமையில்லாத பின் சக்கரங்கள் ஈரச் சாலையில் பூட்டிக்கொள்ள அது போதும்.

உயரம் குறைத்த பிக்கப் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த வால்வை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழம் நசுங்கினால் அடுத்த பறிப்பில் ஈடுசெய்யலாம்.

இனித் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவெடுத்தேன். ஆனால் முதல் முறை தவறாகச் செய்தேன். உயரமும் வேண்டும், சுமையும் தாங்க வேண்டும் என்று ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து 10 மி.மீ. கனமுள்ள பட்டைகளைப் பக்கத்துக்கு மூன்றாக வாங்கி, இருந்த நான்கோடு சேர்த்துக் கட்டினேன். வண்டி நன்றாக நிமிர்ந்து நின்றது. கம்பெனி உயரத்தைவிட 3 செ.மீ. கூடுதலாகவே. ரப்பர் இடிக்கும் சத்தமும் நின்றது. தக்காளி மட்டும் முன்பைவிட மோசமாக நசுங்கியது. இந்த முறை ஆக்சிலுக்கு மேலே என்றில்லை, பின்பாதி முழுவதும். வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கம் குதித்துக் குதித்து வந்தது. வால்வோ இப்போது எதிர்ப்பக்கம் ஏமாந்தது. சுமை இருந்தும் இல்லை என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுத்ததால், சுமையோடு வண்டி நிற்க முன்பைவிட அதிகத் தூரம் எடுத்தது.

நெடுஞ்சாலையோரம் கமான் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியை நிறுத்தினேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக லாரிக் கமான் கட்டியவர். அவர் பட்டைகளை எண்ணினார், விரலால் கனத்தைத் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இதை யார் கட்டினாலும் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். நீங்கள் என்ன ஏற்றுகிறீர்கள், எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா?”

யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பட்டையின் கனம் கொஞ்சம் கூடினால் விறைப்பு மிக அதிகமாகக் கூடிவிடும் என்று அவர் விளக்கினார். அவர் அனுபவத்தில் சொன்னதற்குக் கணக்கும் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அண்ணன் மகன் அதை எழுதிக் காட்டினான். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 8 மி.மீ. பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 10 மி.மீ. பட்டை போட்டால், வெறும் 2 மி.மீ. வேறுபாட்டுக்கு விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. நான் மூன்று பட்டை சேர்த்ததாக நினைத்தேன். உண்மையில் ஆறு பட்டையின் விறைப்பைச் சேர்த்திருந்தேன்.

அன்று மாலையே அளக்கத் தொடங்கினோம். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது. என் மனைவி தையல் வேலை செய்கிறவர். அளவெடுக்காமல் துணியில் கத்தரிக்கோல் வைப்பவரைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். என்மேலும் அந்தக் கோபம் இருந்தது. அவருடைய டேப்பை எடுத்துக்கொண்டோம். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயரில் காற்று குறைந்தால் அளவு மாறிவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். ஆக்சிலுக்கும் ரப்பர் கட்டைக்கும் இடையே உள்ள வெளியைத் தனியாக அளக்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும், வெறும் வண்டியிலும் சுமையிலும்.

சுமைக்கு யூரியா மூட்டைகள் வீட்டிலேயே இருந்தன. மூட்டைக்கு 45 கிலோ என்று அச்சிட்டே வருவதால் தராசு தேவையில்லை. பத்து மூட்டையைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே ஒவ்வொன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் எவ்வளவு அமிழ்கிறது என்று அவர் நோட்டில் எழுதினார். கனத்த பட்டைகளோடு 450 கிலோவுக்கு 22 மி.மீ. மட்டுமே அமிழ்ந்தது. அடுத்த நாள் அந்தக் கனத்த பட்டைகளைக் கழற்றி, வண்டி வாங்கும்போது இருந்த நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்தோம். அப்போது வெறும் வண்டியில் அறுத்த ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் இடையே 32 மி.மீ. வெளிதான் இருந்தது. ஆறாவது மூட்டை ஏறியதும் ஆக்சில் ரப்பரைத் தொட்டுவிட்டது. அதாவது 270 கிலோ. அந்த வண்டியில் நான் ஆயிரம் கிலோ தக்காளியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். கமான் என்று ஒன்று இருந்தும் முழு வழியும் கட்டை வண்டியாகவே ஓடியிருக்கிறது.

இந்த இரண்டு அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு என்ன வேண்டும் என்று தெளிந்தது. குறைந்த சுமைக்கு இளகி வளைய வேண்டும்; சுமை கூடக் கூடக் கீழ்ப் பட்டை வந்து சேர்ந்து விறைப்பு ஏற வேண்டும்; முழுச் சுமையிலும் ரப்பருக்கு முன் கொஞ்சம் வெளி மிஞ்ச வேண்டும். கம்பெனி முதலில் கொடுத்த கமானும் அதைத்தான் செய்துவந்தது. ஆகவே அதே அளவில் புதிய கமான் ஜோடியாகவே சேலத்தில் வாங்கினேன். பழைய பட்டையை அடித்து வளைவு ஏற்றிக் கொடுப்பதாகச் சிலர் சொன்னார்கள். அடித்து ஏற்றிய வளைவு சுமையில் மெல்ல மறுபடி தளர்ந்துவிடும். சூடேற்றி வளைப்பது அதைவிடக் கேடு. முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் வில் எஃகு தன் உறுதியை இழந்து சாதாரண இரும்பாகிவிடும். கமான் பட்டையில் வெல்டிங் வைப்பதும் அப்படித்தான். வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒடியும்.

கம்பெனி அளவையே தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. சரக்கு வண்டியானதால் எனக்கு எஃப்.சி. உண்டு. எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். இதைவிட முக்கியமாக, கூடுதல் பட்டை போட்டால் கூடுதல் சுமை ஏற்றலாம் என்று எங்கள் பக்கத்தில் பலரும் நம்புகிறார்கள். ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடை கமானை மட்டும் பார்த்து வைத்ததல்ல. பிரேக், ஆக்சில், டயர், சேஸிஸ் எல்லாம் அந்த எடைக்குத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. கமான் தாங்கிவிடும், தொப்பூர் இறக்கத்தில் பிரேக் தாங்காது.

வேலையை வீட்டுக்கு முன்னால் ராகி அடிக்கும் சிமென்ட் களத்தில் செய்தோம். மண் தரையில் ஜாக்கி அமிழும், சாயும். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு இரண்டை வைத்தேன். ஸ்டாண்டு தருமபுரியில் ஒரு டயர்க் கடையில் இரவல் வாங்கியது. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வைத்துக்கொண்டு அடியில் படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் விரிசல் காட்டி எச்சரிக்காது. ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்டு கிடைக்காவிட்டால் அன்று வேலையைத் தொடங்காதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகு வண்டியைக் கையால் தள்ளி ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் அடியில் போகாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே கிடையாது. அண்ணன் மகன் ஜாக்கியை மட்டும் நம்பிக் காலை உள்ளே நீட்டியபோது வேலையை நிறுத்தி அவனை வெளியே வரச்சொன்னேன்.

இரண்டாவது ஜாக்கி ஆக்சிலுக்கு. கமானை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றியதும் ஆக்சில் தொங்கிவிடும். பிரேக் ஹோஸும் கைப்பிரேக் கேபிளும் அந்த எடையைத் தாங்க நேர்ந்தால் உள்ளே அறுந்துபோகும், வெளியே தெரியாது. பழைய நட்டுகளில் முந்தைய இரவே துருநீக்கி எண்ணெய் விட்டிருந்தோம். அப்படியும் இரண்டு நகரவில்லை. அவற்றை ரம்பத்தால் அறுத்தோம். யூ போல்ட்டை எப்படியும் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை இறுக்கும்போதே அது கொஞ்சம் நீண்டுவிடுவதால் இரண்டாம் முறை பிடிப்பு இருக்காது. புதிதாக நான்கும் நட்டும் வாங்கி வைத்திருந்தேன்.

பட்டைகளை ஒன்றாகப் பிடித்திருப்பது நடுவில் உள்ள சென்டர் போல்ட். கட்டைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் இருபக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டுத்தான் அந்த போல்ட்டைத் தொட வேண்டும். இல்லையென்றால் வளைவு வேறுபட்ட பட்டைகள் விலகித் தெறிக்கும். முதல் முறை கனத்த பட்டை சேர்த்தபோது என் கட்டைவிரல் நகம் போனது அப்படித்தான். புதிய கமானில் பிரிக்க வேண்டிய தேவை வரவில்லை. சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையில் உள்ள துளையில் சரியாக உட்கார வேண்டும். விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். அது துளையில் இறங்காமல் யூ போல்ட்டை இறுக்கினால் ஆக்சில் ஒரு பக்கம் முன்னும் பின்னுமாக நின்று, வண்டி சாலையில் கோணலாகவே ஓடும்.

கமான் நுனிகளின் துளைகளில் உட்காரும் ரப்பர் புஷ்களைச் சோப்பு நீர் தடவி ஏற்றினோம். தாத்தா வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை போடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, சுழலும் இடமெல்லாம் கிரீஸ் தடவக் கை நீளும். ஆனால் கனிம எண்ணெயும் கிரீஸும் சாதாரண ரப்பரை ஊத வைத்துக் கெடுத்துவிடும்.

அடுத்தது, நான் இந்த வேலையில் கற்றவற்றில் மிகப் பயனுள்ளது. கமானின் இரு நுனிகளிலும் உள்ள போல்ட்டுகளையும், ஒரு நுனியைச் சேஸிஸோடு இணைத்து ஆடும் ஷேக்கிள் என்னும் இணைப்பின் போல்ட்டுகளையும் வண்டி தூக்கி நிற்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. கையால் பொருத்தி விட்டுவிட வேண்டும். யூ போல்ட்டை மட்டும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, நான்கு நட்டும் சமமாக ஏறும்படி இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டி, கமான் தன் எடையில் அமர்ந்த பிறகுதான் நுனி போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கித்தான் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் வண்டி கீழே வந்ததிலிருந்தே அது முறுக்கிக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். புஷ் தரமில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுவோம்.

பாதியாக அறுத்திருந்த ரப்பர் கட்டைகளையும் மாற்றினேன். ஷாக் பின்பக்கம் இரண்டும் ஒன்றாக, கம்பெனி நீளத்தில். புதிய ஷாக்கைப் பொருத்தும் முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக அமுக்கி இழுக்க வேண்டும். கிடையாகக் கிடந்த நாட்களில் உள்ளே புகுந்த காற்று அப்போதுதான் வெளியேறும்.

முன்பக்க டார்ஷன் பாரில் வீட்டில் செய்யக்கூடியது ஒரு எல்லைவரைதான். அந்தக் கம்பி வண்டியின் எடையை முறுக்கில் அடக்கி வைத்திருக்கிறது. சரிசெய்யும் போல்ட்டை முழுதாகக் கழற்றினால் அந்த விசை எங்கே வந்து அடிக்கும் என்று சொல்ல முடியாது. வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில், பெயிண்டால் குறி வைத்து, சுற்றுகளை எண்ணி இறுக்கினேன். இடப்பக்கம் ஆறரைச் சுற்று, வலப்பக்கம் ஏழு. ஒவ்வொரு முறையும் இறக்கி, உருட்டி, அளந்து, மறுபடி ஏற்றினோம். கழற்ற நேர்ந்தால் இடது கம்பியையும் வலது கம்பியையும் மாற்றிவிடாதீர்கள். அவை எதிரெதிர்த் திசையில் முறுக்குக்குப் பழக்கப்பட்டவை.

உயரம் மாறியதால் முன் சக்கரங்களின் சாய்வும் மாறியிருந்தது. தாழ்வாக ஓடிய காலத்தில் முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து போயிருந்ததன் காரணம் அதுவே. மறுநாள் காலை நேராகத் தருமபுரிக்குப் போய் அலைன்மென்ட் பார்த்தேன். ஹெட்லைட்டையும் இறக்கி வைத்தோம். பிரேக் வால்வின் கம்பி அளவை அழுத்தமானி வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும் என்பதால் அதைக் கம்பெனி சர்வீஸில் கொடுத்தேன். பிரேக்கில் நான் கை வைப்பதில்லை.

பிறகு மறுபடி அதே பத்து மூட்டைகள், அதே டேப், அதே நோட்டு. மட்கார்டு அளவு 41 செ.மீ. இருந்தது 49.3 ஆகியிருந்தது. வெறும் வண்டியில் முழு ரப்பருக்கு முன் 95 மி.மீ. வெளி. முதல் ஆறு மூட்டைகளுக்கு 26 மி.மீ. அமிழ்ந்தது; அடுத்த நான்கு மூட்டைகளுக்கு 15. கீழ்ப் பட்டை மெல்ல வேலைக்கு வருவது அந்த எண்களிலேயே தெரிந்தது. என் மனைவி அந்தப் பக்கத்தின் கீழே இரண்டு கோடு போட்டு நோட்டை மூடினார்.

அந்த வாரம் மறுபடி 40 பெட்டி ஏற்றினோம். புறப்படும் முன் டார்ச் அடித்து அளந்தேன். ரப்பருக்கு முன் 28 மி.மீ. மிஞ்சியிருந்தது. ஊர் எல்லை வேகத்தடையில் சத்தம் வரவில்லை. ராயக்கோட்டையில் ஆக்சிலுக்கு மேலே இருந்த பெட்டிகளை நானே இறக்கி, அடிப் பழங்களைக் கையால் எடுத்துப் பார்த்தேன். வியாபாரி ஒரு பெட்டியைக்கூட ஒதுக்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் பறித்த பெங்களூரா மாங்காயை முழுவதும் இதே வண்டியில்தான் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைக்குக் கொண்டுபோனோம்.

புதிய யூ போல்ட்டை ஒருமுறை இறுக்கிவிட்டு மறந்துவிடக் கூடாது. பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து அமரும்போது பிடி தளரும். 100 கிலோமீட்டர் ஓடியதும் எட்டு நட்டுகளையும் பார்த்தேன். எல்லாமே கால் சுற்றுக்கு மேல் ஏறின. 500 கிலோமீட்டரில் இரண்டு மட்டும் கொஞ்சம் ஏறின. நேற்று 2,000 தாண்டியது. எதுவும் அசையவில்லை. முன்பக்கம் இடதுபுறம் வலதைவிட 4 மி.மீ. தாழ்வாகக் காட்டுகிறது. அடுத்த பறிப்புக்கு முன் அதற்கு அரைச் சுற்று கொடுத்துப் பார்க்க வேண்டும்.